கழுதை ‘கத்தும்’: ஒரு வினைச்சொல்லின் பொருளும் புழக்கமும்

கோடிட்ட இடத்தை நிரப்புக: கழுதை ________. கீழே கனைக்கும், கத்தும், கதறும், அலறும் என்று நான்கு விடைகள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரும், டிஎன்பிஎஸ்சி பொதுத்தமிழுக்குப் படிப்பவர்களுக்கும் வரும் கேள்வி இது. விடை ‘கத்தும்’. தவறுகிறவர்கள் பெரும்பாலும் ‘கனைக்கும்’ என்பதில்தான் தவறுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு, அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் இந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

தமிழில் ஒவ்வோர் உயிரின் குரலுக்கும் இன்ன வினைச்சொல் என்று ஒரு வழக்கம் உண்டு. அதற்கு ஒலிமரபு என்று பெயர். யானை பிளிறும், புலி உறுமும், குதிரை கனைக்கும், நரி ஊளையிடும், பாம்பு சீறும், மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், ஆந்தை அலறும், கூகை குழறும், குரங்கு அலப்பும். இவற்றை மாற்றிச் சொன்னால் பொருள் புரியாமல் போகாது. ‘யானை கத்தியது’ என்றாலும் கேட்பவருக்கு விளங்கும். ஆனாலும் இலக்கணம் அதை மரபு வழு என்று எண்ணும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழு வழுக்களில் கடைசியாக நிற்பது அது. நன்னூல் 388ஆம் நூற்பா மரபு என்றால் என்ன என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: “எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.” எந்தப் பொருளை எந்தச் சொல்லால் முன்னோர் சொன்னார்களோ, அப்படியே சொல்வது மரபு. ‘ஏன் அப்படி?’ என்ற கேள்விக்கு அந்த நூற்பாவில் இடமில்லை. ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு அந்தக் கேள்வி எழத்தான் செய்யும், எழவும் வேண்டும்.

கழுதையின் குரலை நேரில் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். குதிரை மூச்சை வெளியே விடும்போதுதான் கனைக்கும். கழுதை மூச்சை உள்ளே இழுக்கும்போதும் குரல் எழுப்பும், வெளியே விடும்போதும் எழுப்பும். இழுக்கும்போது கீச்சென்று ஓர் ‘ஈ’, விடும்போது அடிவயிற்றிலிருந்து ஓர் ‘ஆ’. இந்த இரண்டும் மாறி மாறிப் பல விநாடிகள் ஓடி, கடைசியில் முனகலாகத் தேய்ந்து அடங்கும். கழுதையின் மூதாதை ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுக்கழுதை. மேய்ச்சல் குறைந்த இடத்தில் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளியே மேயும் விலங்கு அது, தொலைவில் நிற்கும் இன்னொன்றுக்குக் கேட்க வேண்டுமானால் குரல் உரக்கவும் நீளமாகவும் இருந்தாக வேண்டும். இன்றைய கழுதையும் துணையைக் கூப்பிட, தனியாக விடப்பட்டால், தீனி நேரம் வந்தால், அதே நீளக் குரலைத்தான் எடுக்கிறது.

‘கனைத்தல்’ குறுகிய ஒலி. தொண்டைக்குள் அதிர்ந்து வெளியே வரும் சத்தம் அது. தொண்டையைச் செருமுவதையும் நாம் ‘கனைத்துக்கொண்டான்’ என்கிறோம், உள்ளே நுழையுமுன் வாசலில் நின்று ஒரு கனைப்பு. ‘அலறுதல்’ என்றால் அச்சம் கலந்திருக்கும். ‘கதறுதல்’ என்றால் வேதனை இருக்கும், கன்றைப் பிரிந்த பசு கதறும். கழுதையின் குரலில் அச்சமும் இல்லை, வேதனையும் இல்லை. அது வெறும் உரத்த குரல். கூடுதல் உணர்ச்சி எதையும் ஏற்றாமல் உரத்த குரலை மட்டும் சொல்லும் வினை ‘கத்து’. கழுதைக்கு அது பொருந்தி நிற்பதற்கு இதுவே நல்ல காரணம்.

இனி ‘கனைக்கும்’ என்ற தவறைப் பார்ப்போம். கழுதையும் குதிரையும் உருவத்தில் நெருக்கம், இனத்தாலும் நெருக்கம். ஒன்றுக்குச் சொல்வதை மற்றதற்கும் சொல்லத் தோன்றுவது இயல்பு. பேச்சில் ‘கழுத கனைக்குது’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கனைத்தல் குதிரைக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொல்லும் அல்ல. “கனைத்து இளங் கற்றெருமை கன்றுக்கு இரங்கி” என்று திருப்பாவையின் 12ஆம் பாட்டில் எருமை கனைக்கிறது. ஆகவே ஒருவர் கதையில் ‘கழுதை கனைத்தது’ என்று எழுதினால் அவரைத் தமிழ் தெரியாதவர் என்று ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் தேர்வுத்தாளில் மதிப்பெண் ‘கத்தும்’ என்பதற்கே.

மரபு அசையாமல் நிற்பதில்லை என்பதற்குக் கழுதையே சாட்சி. தொல்காப்பிய மரபியல் “யானையும் குதிரையும் கழுதையும் கடமையும் ஆனோடு ஐந்தும் கன்றெனற் குரிய” என்கிறது. அதாவது கழுதையின் இளமைப் பெயர் கன்று. பெண்ணுக்குப் பெயர் பெட்டை, அதையும் அதே மரபியல் ஒட்டகம், குதிரை, கழுதை, மரை என்று வரிசைப்படுத்திச் சொல்கிறது. இன்று கழுதைக் கன்று என்று சொல்பவர் யார்? வீட்டிலும் பாடப்புத்தகத்திலும் கழுதைக்குட்டிதான். பசுவுக்கும் யானைக்கும் கன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல்ல என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது. படிக்கிறவர் இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது: ‘தொல்காப்பியத்தின்படி’ என்று கேள்வி தொடங்கினால் கன்று, இல்லையென்றால் குட்டி.

‘கத்தும்’ கழுதைக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆடு கத்தும், தவளை கத்தும், வாத்து கத்தும். பழைய பாட்டில் கடலும் கத்தும், நாகப்பட்டினத்தைச் சொல்லும்போது காளமேகப் புலவர் ‘கத்துகடல் சூழ் நாகை’ என்கிறார். அங்கே கத்துதல் என்றால் ஓயாமல் இரைதல். காசிமேட்டில் நின்று ஐப்பசிக் கடலைக் கேட்டால் அந்த அடைமொழியின் பொருத்தம் புரியும். எனவே இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று, சில உயிர்களுக்கு மரபான வினை. மற்றொன்று, எதற்கும் பொருந்தும் பொதுவினை. குழப்பம் வருவதே இந்த இரண்டாவது வேலையால்தான். பேச்சில் ‘காக்கா கத்துது, யாரோ வரப்போறாங்க’ என்போம். ‘நாய் ராத்திரி பூரா கத்துச்சு’ என்போம். எழுத்தில் காகம் கரையும், நாய் குரைக்கும்.

காகத்தின் ‘கரைதல்’ பேச்சிலிருந்து நழுவியதற்கு அந்தச் சொல்லே ஒரு காரணமாக இருக்கலாம். கரைவது என்றதும் இன்று நமக்குச் சர்க்கரைதான் நினைவுக்கு வருகிறது. “காக்கை கரவா கரைந்துண்ணும்” என்ற 527ஆவது குறளில் கரைதல் என்றால் இனத்தைக் கூப்பிடுதல். அந்தப் பொருள் வீட்டுப் பேச்சில் மங்கியதும், காலியான இடத்தில் ‘கத்து’ வந்து உட்கார்ந்துகொண்டது. தனிச்சொல் ஒன்று பேச்சிலிருந்து நழுவும் இடங்களில் எல்லாம் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. அதனால் பிள்ளைக்கு ஒலிமரபு சொல்லிக்கொடுக்கும்போது பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, ‘நாம் கத்துது என்று சொல்கிற எல்லாவற்றையும் எழுது, எது எதற்கெல்லாம் வேறு சொல் இருக்கிறது என்று பார், மிச்சம் நிற்பது கழுதை, ஆடு, தவளை, வாத்து’ என்று கழித்துக் காட்டினால் சீக்கிரம் மனதில் நிற்கும். நினைவில் வைக்க வேண்டியது மிச்சத்தைத்தான், அது சிறியது.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம். கழுதையின் குரலைக் காதால் கேட்டுச் சரிபார்க்க வழி குறைந்துவிட்டது. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வணிகத்துக்காக வெளுக்கவும் துவைக்கவும் குடியேறியவர்களால் வந்தது. அழுக்கு மூட்டை சுமந்து துறைக்கும் வீட்டுக்கும் நடந்தது கழுதை. இன்று அந்தச் சுமையை மீன்பாடி வண்டியும் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியும் இழுக்கின்றன. தெருவில் எப்போதாவது கழுதையைப் பார்க்க முடிகிறது என்றால், பால் விற்க ஓட்டி வருபவரோடுதான். பாலாடை அளவுக்குக் கறந்து கைக்குழந்தைக்குப் புகட்டச் சொல்வார்கள். காய்ச்சாத பாலில் கிருமி இருக்கும், ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், ஆகவே அதைப் புகட்ட வேண்டாம். குரலைக் கேட்டுக்கொள்ள மட்டும் பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வரலாம்.

கழுதை அருகிவிட்டாலும் அதைச் சுற்றிய பேச்சு தெருவை விட்டுப் போகவில்லை. ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்ற எழுத்தோடு கழுதைப் படம் மாட்டிய கடைகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெளியே கிளம்பும்போது கழுதை கத்தினால் போகிற காரியம் கைகூடும் என்பது சகுன நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நமக்கு இங்கே முக்கியம் சொல். ‘கழுத கத்துச்சு, நல்ல சகுனம்’ என்றுதான் சொல்வார்கள். புத்தக மரபும் சகுனம் பார்ப்பவரின் வாயும் ஒன்றாக நிற்கும் இடம் இது.

மனிதருக்குச் சொல்லும்போது ‘கத்து’ தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. அகவு போன்ற வினை மனிதரிடம் வரும்போது பெருமையோடு வருகிறது. அகவல் ஓசையால் ஆசிரியப்பாவுக்கே அகவல் என்று பெயர் வந்துவிட்டது. கத்துதலுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒருவர் கத்தினார் என்றால், தேவைக்கு மேல் உரக்கப் பேசினார், நிதானம் இழந்தார், சொன்னதில் பொருள் குறைவு என்ற மூன்றும் கூடவே வரும். சுருதி சேராமல் உரக்கப் பாடுகிறவரை ‘கத்தாம பாடு’ என்பார்கள். கொஞ்சம் கோபம் கூடினால் ‘கழுத மாதிரி கத்தாத’. ஆபத்து நேரத்தில் மட்டும் இந்தக் குறை ஒட்டாது. ‘காப்பாத்துங்கன்னு கத்தினா’ என்னும்போது யாரும் அவளைக் குறைவாக நினைப்பதில்லை.

இதனால் எழுதுகிறவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. எண்ணூரில் மக்கள் கூடி நின்று கோரிக்கை வைத்தார்கள் என்றால் ‘முழக்கமிட்டனர்’, ‘குரல் எழுப்பினர்’ என்று எழுத வேண்டும். ‘கத்தினர்’ என்று எழுதினால் அவர்கள் கேட்டதை ஒரு சொல்லால் சிறுமைப்படுத்தியதாகிவிடும். ‘கூச்சலிட்டனர்’ என்பதும் கிட்டத்தட்ட அதே தரம்தான். வினைச்சொல் தேர்வில் சார்பு ஒளிந்துகொள்ளும், செய்தி எழுதும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வடசென்னைப் பேச்சில் கத்துவதற்கு அக்கம்பக்கத்துச் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று ‘கூவு’. புத்தகத்தில் குயிலும் சேவலும் கூவும். கொருக்குப்பேட்டையில் ‘இன்னாமே ஓவரா கூவுற?’ என்றால் வீண் பேச்சுப் பேசுகிறாய், அளந்து பேசு என்று பொருள். அதே ஊரில் காலையில் மீன் கூடையோடு வரும் அம்மா தெருத்தெருவாகக் கூவித்தான் விற்கிறார், அந்தக் கூவலில் எந்த வசையும் இல்லை. மற்றொன்று ‘சவுண்டு உடுறது’. இது மிரட்டல் கலந்த உரத்த பேச்சு. தண்ணி லாரி வந்து குடம் வரிசை குலையும்போது மூன்றும் ஒரே இடத்தில் காதில் விழும்:

“யக்கா, ஏன்க்கா கத்தினுகீற? எல்லாருக்கும் வரும்.”
“வரும்னு நீ கூவினுகீற, என் குடத்த எவன் நவுத்துனான்?”
“ந்தா, சவுண்டு உடாத, தள்ளி வை.”

முதல் ஆளுக்கு இரைச்சல்தான் தொல்லை. இரண்டாமவர் எதிராளியின் பேச்சை வீண் பேச்சு என்கிறார். மூன்றாமவர் அதிகாரத்தை எதிர்க்கிறார். சொற்களை இடம் மாற்றிப் போட்டால் சண்டையின் தன்மையே மாறிவிடும். ‘கத்தினுகீற’ என்பது வேறொன்றும் இல்லை: கத்திக்கொண்டு இருக்கிறாய் என்பது கத்திக்கினு இருக்கிற என்றாகி, கத்தினுகீற என்று சுருங்கியிருக்கிறது. ஒழுங்கான சுருக்கம், வா, போ, படி என்று எந்த வினைக்கும் இதே வழியில் வரும்: வந்துனுகீற, போய்னுகீற, படிச்சினுகீற.

இலக்கணத்தில் இந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. ‘என்னைக் கத்தினான்’ என்று எழுதக் கூடாது. ‘என்னைத் திட்டினான்’ சரி, ஏனென்றால் திட்டுவதற்கு ஆள் வேண்டும். கத்துவதற்கு ‘என்னைப் பார்த்துக் கத்தினான்’, ‘என்மேல் கத்தினான்’, பேச்சில் ‘என்கிட்ட கத்தாத’. வடிவங்கள் எளிது: கத்தினது, கத்துகிறது, கத்தும், கத்தாது. பெயராக ‘கத்தல்’ வரும், ‘ஒரு கத்துக் கத்தினாள்’ என்னும்போது ‘கத்து’ என்பதே பெயராக நிற்கும். ‘காட்டுக் கத்துக் கத்துறான்’ என்பதும் அந்த வகை.

எழுதும்போது அதிகம் தடுமாற வைப்பது ‘கத்தி’. கத்து என்ற வினையின் எச்சமும் கத்தி, காய் நறுக்குவதும் கத்தி. வேறுபாட்டைக் காட்டிக் கொடுப்பது ஒற்றெழுத்து. வினையெச்சமாக இருந்தால் பின்னால் வரும் வல்லினம் மிகும்: கத்திக் கேட்டான், கத்திச் சொன்னாள், கத்தித் தீர்த்தார், கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆயுதமாக இருந்து ‘ஐ’ உருபு மறைந்து நின்றால் மிகாது: கத்தி கேட்டான், கத்தி கொடுத்தாள். ‘கத்தி கேட்டான்’ என்றால் கத்தி வேண்டும் என்று கேட்டான், ‘கத்திக் கேட்டான்’ என்றால் உரத்த குரலில் கேட்டான். ஒரு ‘க்’ போனால் ஆள் கையில் ஆயுதம் வந்துவிடும். சந்திப்பிழையைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டு உதவும்.

அடுத்தது ‘கற்று’. பேச்சில் கற்று என்பது கத்து என்றே ஒலிக்கும்: ‘நீச்சல் கத்துக்கிட்டான்’, ‘கணக்குக் கத்துக் குடுத்தாங்க’. ஒலி ஒன்று, வினை வேறு. பிரித்தறிய இறந்தகாலத்தைப் பாருங்கள். குரல் என்றால் ‘கத்தினான்’, படிப்பு என்றால் ‘கத்துக்கிட்டான்’, எழுத்தில் ‘கற்றுக்கொண்டான்’. பிள்ளைகள் கட்டுரையில் ‘தமிழ் கத்தினேன்’ என்று எழுதிவிடுவது இந்த ஒலி ஒற்றுமையால்தான். பேச்சு வடிவத்திலிருந்து எழுத்து வடிவத்துக்குத் தாவும்போது ‘கத்து’ எந்த வினை என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. ‘கல்’ என்ற வேரைச் சொல்லி, கல்வி, கற்பு, கற்றல் என்று குடும்பத்தைக் காட்டிவிட்டால் மறுபடி அந்தப் பிழை அநேகமாக வராது.

கதை எழுதுகிறவர்கள் ‘கழுதை கத்தியது’ என்பது வெறுமையாக இருக்கிறதே என்று வேறு வினையைத் தேடிப் போவதுண்டு. கர்ஜித்தது, முழங்கியது என்று போட்டால் சிங்கம் வந்து நிற்கும். குழந்தைக் கதையில் ‘கழுதையார் கச்சேரி செய்தார்’ என்று விளையாடலாம், அங்கே அது அழகு. மற்ற இடங்களில் வினையை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் வருவதைச் செறிவாக்குங்கள். இழுத்து இழுத்துக் கத்தியது, மூச்சு உள்ளே போகவும் வரவும் கத்தியது, கத்தி ஓய்ந்து முனகியது. கழுதையின் மூச்சு எப்படிப் போய் வருகிறது என்று தெரிந்தவர் எழுதினால் ‘கத்தியது’ என்ற ஒரே வினை போதும்.